கார்டு தேய்ச்சா பிளைட்டில் ஜோடிக்கு டிக்கெட் இலவசமாம்... மூணரை வட்டி கணக்கு தெரியுமா?

சங்கரன்கோவில்:

"சார், உங்க நம்பருக்கு கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு. இந்த கார்டுல செலவு பண்ணினா வருஷத்துக்கு ஒரு பிளைட் டிக்கெட் ப்ரீ. நீங்க ஒரு டிக்கெட் எடுத்தா உங்க வீட்டம்மாவுக்கு டிக்கெட் இலவசம்."

மத்தியானம் சாப்பிட்டு கண் அசரும் நேரத்தில் இப்படி ஒரு போன் வராத ஆள் இன்று ஊரில் குறைவு. விசைத்தறி கூடத்தில் நெய்பவர், பூ மார்க்கெட்டில் தராசு பிடிப்பவர், மருந்துக்கடையில் பில் போடுபவர் என யாரையும் இந்த போன் விடுவதில்லை.

விமானத்தில் ஒரு தடவையாவது போகணும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அதிலும் கட்டினவளையும் கூட்டிக்கொண்டு போகலாம், அவளுக்கு காசு கிடையாது என்றால் கேட்கவே இனிப்பாக இருக்கும். அந்த இனிப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை இந்த செய்தியில் பார்க்கலாம்.

துணை டிக்கெட் என்றால் என்ன?

வெளிநாடுகளில் இதற்கு கம்பேனியன் டிக்கெட் என்று பெயர். கம்பேனியன் என்றால் கூட வருபவர். ஒருவர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால், அவருடன் அதே விமானத்தில் வரும் இன்னொருவருக்கு டிக்கெட் இலவசமாகவோ, மிகக்குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். ஜவுளிக்கடையில் ஒரு சேலை எடுத்தால் ஒரு சேலை இலவசம் என்று போடுகிறார்களே, அதே கதைதான்.

இது இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, விமான கம்பெனியும் வங்கியும் கூட்டு சேர்ந்து கொடுக்கும் கிரெடிட் கார்டில் ஆண்டுக்கு இவ்வளவு என்று செலவு செய்வது. இன்னொன்று, ஒரே கம்பெனி விமானத்தில் அடிக்கடி பறந்து புள்ளிகள் சேர்ப்பது.

புள்ளி சேர்க்கும் திட்டத்தை பெரிய அளவில் தொடங்கி வைத்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். 1981-ம் ஆண்டு மே மாதம் அந்த கம்பெனி தன் வாடிக்கையாளர்கள் பறக்கும் தூரத்தை மைல் கணக்கில் எழுதி வைத்து, அது சேர்ந்ததும் இலவச டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் களத்தில் குதித்தன. பிறகு வங்கிகள் உள்ளே வந்தன. பறக்காமலேயே, மளிகைக்கடையில் கார்டு தேய்த்தாலும் மைல் ஏறும் என்ற நிலை வந்தது.

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் என்ற விமான கம்பெனியின் துணை டிக்கெட் ரொம்ப பிரபலம். ஒரு காலண்டர் ஆண்டுக்குள் 1,35,000 புள்ளி சேர்த்தாலோ, 100 தடவை பறந்தாலோ, அந்த ஆண்டின் மீதி நாட்களும் அடுத்த ஆண்டு முழுவதும் ஒருவரை கூடவே அழைத்துச் செல்லலாம். வரி மட்டும் கட்டினால் போதும். அலாஸ்கா ஏர்லைன்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு, கூட வருபவருக்கு 99 டாலரும் வரியும் என்ற சலுகை பல ஆண்டுகளாக பேர்போனது.

நம் நாட்டில் "கூட வருபவருக்கு இலவசம்" என்று நேரடியாக கொடுக்கும் கார்டு குறைவு. இங்கே அதிகம் இருப்பது இலவச டிக்கெட் வவுச்சரும், புள்ளிகளும்தான். ஒரு டிக்கெட்டுக்கு காசு கொடுத்து, இன்னொன்றை வவுச்சரிலோ புள்ளியிலோ போட்டுக்கொண்டால் அதுவும் துணை டிக்கெட் மாதிரிதான். போன் பண்ணுகிறவர்கள் இதைத்தான் "வீட்டம்மாவுக்கு ப்ரீ" என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

இலவசம்... ஆனா இலவசம் இல்லை!

விமான டிக்கெட்டின் விலை ஒரே தொகை அல்ல. அதில் அடிப்படை கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் எரிபொருள் கட்டணம், விமான நிலையத்தை பயன்படுத்துவதற்கான கட்டணம், பாதுகாப்பு கட்டணம், ஜி.எஸ்.டி. என்று வரிசையாக சேரும். உள்நாட்டு பயணத்துக்கு பாதுகாப்பு கட்டணம் மட்டும் 2021 ஏப்ரலில் 200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்.

இலவச டிக்கெட் என்று சொன்னால் பெரும்பாலும் அடிப்படை கட்டணம் மட்டும்தான் இலவசம். மீதியை பயணிதான் கட்ட வேண்டும்.

சென்னைக்கு ஒரு ஆளுக்கு டிக்கெட் 4 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படை கட்டணம் 2,800 ரூபாய், மற்றவை 1,200 ரூபாய். கணவன் மனைவி இருவருக்கும் காசு கொடுத்து எடுத்தால் 8 ஆயிரம். மனைவிக்கு இலவசம் என்றால் 5,200. ஆக மிச்சம் 2,800 ரூபாய்.

கார்டுக்கு ஆண்டு கட்டணம் 1,500 ரூபாய் என்றால், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,770 ரூபாய் போய்விடும். மிச்சம் 1,030 ரூபாய். இந்த ஆயிரத்து சொச்சத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது எங்கே போகிறது என்று பார்ப்போம்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. சில திட்டங்களில் முதல் டிக்கெட்டை தள்ளுபடி விலையில் எடுத்தால் இரண்டாவது இலவசம் கிடையாது. கூடுதல் விலை டிக்கெட் எடுத்தால்தான் தருவார்கள். முன்கூட்டியே எடுத்தால் ஆளுக்கு 3 ஆயிரம், இருவருக்கும் 6 ஆயிரத்தில் முடிந்திருக்கும். துணை டிக்கெட் வேண்டும் என்பதற்காக 5,500-க்கு ஒரு டிக்கெட் எடுத்து, இன்னொன்றுக்கு வரி 1,300 கட்டினால் மொத்தம் 6,800. இலவசம் வாங்கியதற்கு 800 ரூபாய் கூடுதல் செலவு!

ரெண்டு பேரும் ஒண்ணா போகணும்

துணை டிக்கெட் என்றால் பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே விமானத்தில், ஒரே புக்கிங்கில் போக வேண்டும். கணவன் முன்னால் போய்விட்டு மனைவி பின்னால் வருவது நடக்காது. பெயர் மாற்றவும் முடியாது. அம்மா பெயரில் எடுத்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று தங்கச்சியை அனுப்ப முடியாது. ஆதார் அட்டையில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் ரத்து செய்தால் இன்னொருவர் டிக்கெட்டுக்கும் சிக்கல்.

இதற்கு மேல் தேதி கட்டுப்பாடு வேறு. தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை நாட்களில் இலவச சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒவ்வொரு விமானத்திலும் இலவசத்துக்கு என்று கொஞ்சம் சீட்டுதான் ஒதுக்குவார்கள். அது தீர்ந்துவிட்டால் விமானம் பாதி காலியாக இருந்தாலும் கிடைக்காது. கூலிக்கு வேலை பார்ப்பவர்களுக்கு லீவு கிடைப்பதே பண்டிகைக்குத்தான். ஆடித்தபசுக்கு சென்னையில் இருந்து ஊருக்கு வரும் கூட்டத்துக்கு இந்த வவுச்சர் எந்த அளவு கைகொடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வவுச்சருக்கு காலாவதி தேதியும் உண்டு. பல வவுச்சர்கள் சில மாதங்களில் செத்துப்போகும். மெயிலில் வந்து கிடக்கும், ஆள் பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? கம்பெனிகளுக்கு ஒரு பழைய பயம் இருக்கிறது. அது 1992-ல் இங்கிலாந்தில் நடந்த சங்கதி.

வாக்குவம் கிளீனருக்கு அமெரிக்கா டிக்கெட்!

இங்கிலாந்தில் ஹூவர் என்ற கம்பெனி வீடு சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனர் விற்று வந்தது. சரக்கு தேங்கிப்போனதால் 1992-ல் ஒரு திட்டம் போட்டது. 100 பவுண்டுக்கு மேல் எங்கள் பொருளை வாங்கினால் விமான டிக்கெட் இரண்டு இலவசம் என்றது. முதலில் ஐரோப்பாவுக்கு. அடுத்து அமெரிக்காவுக்கே!

ஜனங்கள் கணக்கு போட்டார்கள். அமெரிக்கா டிக்கெட் விலை கிளீனர் விலையை விட பல மடங்கு. கிளீனர் தேவையே இல்லாதவர்கள் எல்லாம் வாங்கினார்கள். வாங்கிய கிளீனரை பிரிக்காமலேயே விற்றவர்களும் உண்டு. நிபந்தனைகளைப் பார்த்து பாதிப்பேர் டிக்கெட் கேட்காமல் விட்டுவிடுவார்கள் என்று கம்பெனி நினைத்திருந்தது. யாரும் விடவில்லை.

கம்பெனி டிக்கெட் கொடுக்க முடியாமல் இழுத்தடிக்க, ஜனங்கள் கோர்ட்டுக்கு போனார்கள். வழக்குகள் 1998 வரை ஓடின. சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் பறந்தார்கள். கம்பெனிக்கு சுமார் 5 கோடி பவுண்டு காலி. 1995-ல் ஹூவரின் ஐரோப்பிய தொழிலே இத்தாலி கம்பெனிக்கு கைமாறியது.

இலவசத்தில் கம்பெனி ஏமாந்த கதை உலகத்தில் இது மாதிரி சிலதுதான் இருக்கும். அதற்குப் பிறகு பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனை எழுத எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

நம்ம ஊர்ல இருந்து கிளம்பினா...

சங்கரன்கோவிலில் விமான நிலையம் கிடையாது. தூத்துக்குடி அருகே வாகைகுளம், இல்லாவிட்டால் மதுரை, கேரளா பக்கம் திருவனந்தபுரம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் இப்பகுதி வாலிபர்கள் திருவனந்தபுரத்தையும் மதுரையையும் அதிகம் நம்புகிறார்கள். வாகைகுளத்தில் புதிய முனையத்தை பிரதமர் மோடி 2025 ஜூலை 26-ந் தேதி திறந்து வைத்தார்.

மதுரைக்கே சுமார் 120 கிலோ மீட்டர். பெட்டியும் பையுமாக பஸ் மாறி மாறி போக முடியாது என்று கார் பிடித்தால், துணை டிக்கெட்டில் மிச்சமான காசு கார் வாடகையில் கரைந்துவிடும். சென்னையில் மீனம்பாக்கத்தில் இறங்கி வீடு போய்ச்சேர ஆட்டோ செலவு தனி.

பொதிகை எக்ஸ்பிரசில் ராத்திரி சங்கரன்கோவிலில் ஏறினால் காலையில் எழும்பூர். படுத்துக்கொண்டே போகலாம். விமானத்தில் ஏறுவது ஒரு மணி நேரம் சொச்சம் என்றாலும், வீட்டு வாசலில் இருந்து வாசல் வரை கணக்கு பார்த்தால் பாதி நாள் ஓடிவிடும். அவசரத்துக்கு விமானம் வேண்டும்தான். ஆனால் அவசரம் என்று கடைசி நேரத்தில் கிளம்புகிறவனுக்கு இலவச சீட் மிச்சம் இருக்காது என்பதுதான் வேடிக்கை.

மூணரை வட்டி!

இனிதான் விஷயத்துக்கே வருகிறோம்.

நம் பக்கத்தில் வட்டியை ரூபாய் கணக்கில்தான் சொல்வார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. மூன்று ரூபாய் என்றால் மூணு வட்டி. மூணு வட்டிக்கு கடன் வாங்கியிருக்கான் என்றால் "அடப்பாவி" என்பார்கள்.

கிரெடிட் கார்டில் முழு பணத்தையும் கட்டாமல் பாக்கி வைத்தால், பல கார்டுகளில் வட்டி மாதம் 3 முதல் 3.75 சதவீதம். அதாவது மூணு வட்டிக்கு மேல். அந்த வட்டிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. குளுகுளு அறையில் டை கட்டிக்கொண்டு கொடுப்பதால் இது யாருக்கும் வட்டிக்கடை மாதிரி தெரிவதில்லை.

ஒருவர் 30 ஆயிரம் ரூபாய் பாக்கி வைக்கிறார். வட்டி மூன்றரை சதவீதம். ஒரு மாதத்துக்கு வட்டி 1,050 ரூபாய். ஜி.எஸ்.டி. 189 ரூபாய். மொத்தம் 1,239 ரூபாய்.

துணை டிக்கெட்டில் மிச்சமானது எவ்வளவு? 1,030 ரூபாய். ஒரே மாத வட்டியில் அது காலி. அதற்கு மேலும் 209 ரூபாய் கையில் இருந்து போகிறது.

பில்லில் "குறைந்தபட்ச தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பாக்கியில் 5 சதவீதம் போல இருக்கும். 30 ஆயிரத்துக்கு 1,500 ரூபாய். இதை கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். அந்த 1,500-ல் 1,239 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் குறைவது 261 ரூபாய்! இந்த வேகத்தில் போனால் கடன் தீர எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு கண்ணி. சாதாரணமாக கார்டில் பொருள் வாங்கினால் 50 நாள் வரை வட்டி இல்லாமல் அவகாசம் கிடைக்கும். ஆனால் பழைய பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும் அந்த அவகாசம் போய்விடும். புதிதாக வாங்கும் அரிசி, பருப்புக்குக்கூட வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் கார்டை போட்டு ரொக்கம் எடுத்தால் முதல் நாளில் இருந்தே வட்டி, கூடவே எடுப்பதற்கு தனி கட்டணம்.

அப்படியானால் வங்கிக்கு இலவச டிக்கெட் கொடுக்க காசு எங்கிருந்து வருகிறது? கார்டு தேய்க்கும்போது கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷன் ஒரு பக்கம். ஆண்டு கட்டணம் ஒரு பக்கம். பாக்கி வைக்கிறவர்கள் கட்டும் வட்டி ஒரு பக்கம். முழுசாக கட்டுகிறவன் பறக்கிறான், பாக்கி வைக்கிறவன் அவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான். கசப்பாக இருந்தாலும் நடப்பது இதுதான்.

டார்கெட்டை எட்ட ஓட்டம்

ஆண்டுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் செலவு செய்தால் ஒரு டிக்கெட் என்று ஒரு கார்டு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,400 ரூபாய்க்கு மேல் கார்டில் போக வேண்டும். அதில் வீட்டு வாடகை, பெட்ரோல், ரொக்கம் எடுத்தது, போன் வாலெட்டில் ஏற்றியது எல்லாம் பல கார்டுகளில் சேராது. கைக்கு கிடைக்கும் கூலியே அவ்வளவுதான் என்கிற குடும்பத்தில், இந்த டார்கெட்டை எட்ட தேவையில்லாததை எல்லாம் வாங்க வேண்டிவரும்.

அப்போதுதான் சிநேகிதர்கள் வருவார்கள். "மாப்ளே, உன் கார்டுல செல்போன் எடுத்துக்கொடு, மாசாமாசம் நான் கட்டுறேன்" என்பார்கள். கார்டுக்காரருக்கும் புள்ளி ஏறுகிறதே என்று சந்தோஷம். முதல் இரண்டு மாதம் பணம் வரும். மூன்றாவது மாதம் போன் சுவிட்ச் ஆப். வங்கிக்கு யார் செல்போன் வைத்திருக்கிறார்கள் என்ற கவலை கிடையாது. கார்டில் யார் பெயரோ அவர்தான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் விழும். நாளைக்கு தறி வாங்கவோ, வீடு கட்டவோ, பிள்ளை படிப்புக்கோ வங்கிக்கடன் கேட்டுப் போனால் அங்கே அது குறுக்கே நிற்கும். கல்யாண வீட்டில் பார்த்தும் பேசாமல் போகும் நிலைக்கு வந்த சிநேகிதங்கள் எத்தனையோ.

பொருள் வாங்காமலேயே கடையில் கார்டை தேய்த்து, கமிஷன் கழித்துக்கொண்டு ரொக்கம் வாங்கும் பழக்கமும் இருக்கிறது. இது விதிமீறல். வங்கி கண்டுபிடித்தால் கார்டையும் புள்ளியையும் சேர்த்து முடக்கிவிடும்.

கம்பெனியே காணாம போனா?

புள்ளி சேர்ப்பது என்பது ஒரு வகையில் கம்பெனிக்கு நாம் கொடுக்கும் கைமாற்று. கம்பெனி இருந்தால்தான் திரும்பி வரும்.

விஜய் மல்லையாவின் கிங்பிஷர் ஏர்லைன்ஸ் 2005 மே மாதம் பறக்க ஆரம்பித்தது. கிங் கிளப் என்று புள்ளி திட்டம் வைத்திருந்தது. 2012 அக்டோபரில் அதன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு அந்த விமானம் எழும்பவே இல்லை. சேர்த்த புள்ளியை வைத்து என்ன செய்வது?

ஜெட் ஏர்வேஸ் 1993-ல் தொடங்கிய கம்பெனி. அதன் ஜெட் பிரிவிலேஜ் திட்டத்தில் எச்.டி.எப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. போன்ற வங்கிகளின் கூட்டு கார்டுகள் இருந்தன. 2019 ஏப்ரல் 17-ந் தேதி ராத்திரி அமிர்தசரசில் இருந்து மும்பைக்கு வந்ததுதான் அதன் கடைசி விமானம். புள்ளி திட்டம் தனி கம்பெனியாக இருந்ததால் உடனே சாகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விமானம் போய்விட்டது, புள்ளி மட்டும் மிஞ்சியது. ஜெட் ஏர்வேசை கலைத்துவிட 2024 நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

விஸ்தாரா கதை கொஞ்சம் பரவாயில்லை. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சேர்ந்து 2015 ஜனவரியில் தொடங்கியது. இதன் கார்டுகளுக்கு இலவச டிக்கெட் வவுச்சர் கிடைத்ததால் நடுத்தர மக்களிடம் நல்ல பெயர். 2024 நவம்பர் 12-ந் தேதி ஏர் இந்தியாவுடன் இணைந்தது. சேர்த்த புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று என்று ஏர் இந்தியா திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அந்த திட்டத்துக்கு இப்போது மகாராஜா கிளப் என்று பெயர். இன்டிகோ கம்பெனி புளூசிப் என்ற பெயரில் தன் புள்ளி திட்டத்தை 2024-ல் அறிவித்தது.

கம்பெனி ஒழுங்காக ஓடினாலும்கூட, நேற்று 10 ஆயிரம் புள்ளிக்கு கிடைத்த டிக்கெட்டுக்கு இன்று 15 ஆயிரம் புள்ளி என்று மாற்ற அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அதுவும் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். எனவே புள்ளியை பொட்டலம் கட்டி வைப்பதில் அர்த்தமில்லை, சேர்ந்ததும் பயன்படுத்திவிட வேண்டியதுதான்.

யாருக்கு லாபம்?

லாபமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஜவுளி வியாபாரத்துக்காக மும்பை, சூரத் என்று அடிக்கடி பறக்கும் வியாபாரிக்கு இது நல்ல சலுகை. அவர் எப்படியும் சரக்கு வாங்கப் போகிறார். எப்படியும் செலவு செய்கிறார். மாதம் தவறாமல் முழு பில்லையும் கட்டிவிடுகிறார். அவருக்கு மனைவி டிக்கெட் மிச்சம்தான். சென்னை, பெங்களூருவில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை ஒரு தடவை விமானத்தில் கூட்டிப்போவதும் இப்படித்தான் நடக்கிறது. வாகைகுளத்தில் சேலைத்தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி ஏறும் அம்மாக்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

மாதக்கடைசியில் கைமாற்று வாங்கும் குடும்பத்துக்கு இந்த கார்டு வேலைக்கு ஆகாது. விமானத்தில் போக ஆசை என்றால் ஒரு டப்பாவில் காசு சேர்த்து, இரண்டு மாதம் முன்னாலேயே மலிவு டிக்கெட் எடுப்பது இதைவிட கம்மியில் முடியும். மூத்த குடிமக்கள், மாணவர்களுக்கு விமான கம்பெனிகள் தரும் தள்ளுபடிக்கு கார்டே தேவையில்லை.

டிக்கெட்டை ரத்து செய்ய நேர்ந்தாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மலிவு டிக்கெட், சலுகை டிக்கெட் எதுவானாலும், பயணம் செய்யாவிட்டால் அரசு வரியையும் விமான நிலைய கட்டணத்தையும் கம்பெனி திருப்பித்தர வேண்டும் என்பது விமான போக்குவரத்து இயக்குனரகத்தின் விதி. டிக்கெட்டுக்கு காசு திரும்ப வராது என்று சொல்லிவிட்டால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

புள்ளி காலாவதி என்று போன் வந்தால் உஷார்!

கார்டு வைத்திருப்பவர்களை குறிவைத்து ஒரு கும்பல் வேலை பார்க்கிறது. "உங்க ரிவார்டு பாயிண்ட் இன்னைக்கு ராத்திரியோட காலாவதி ஆகுது, இந்த லிங்கை அழுத்துங்க" என்று மெசேஜ் வரும். அழுத்தினால் வங்கியின் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். கார்டு நம்பர், ஓ.டி.பி. கேட்கும். போட்டால் பணம் போச்சு. வாட்ஸ்அப்பில் ஒரு ஆப்பை அனுப்பி, இதை இறக்கினால் புள்ளி பணமாக வரும் என்பதும் இதே கூத்துதான். எந்த வங்கியும் போனில் ஓ.டி.பி. கேட்காது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். வங்கிக்கும் சொல்லி கார்டை முடக்க வேண்டும். ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், வங்கியில் புகார் செய்யும் நேரம் வரை போன பணம் நம் தலையில்தான். புகார் செய்தபிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. எனவே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

கேட்காமலேயே கார்டு வந்துவிட்டதா? ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டு வந்த விதிப்படி, வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் கார்டு கொடுக்கக்கூடாது. அப்படி கொடுத்து கட்டணமும் போட்டிருந்தால், அதை ரத்து செய்வதோடு அந்த தொகையைப்போல் இரண்டு மடங்கு அபராதமாக வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டும்.

கார்டு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால், பாக்கி எதுவும் இல்லாதபட்சத்தில் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு தர வேண்டும். கெடு தேதி தாண்டி 3 நாட்களுக்குள் பணம் கட்டிவிட்டால் தாமத கட்டணம் போடக்கூடாது என்பதும் இதே விதிதான். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கார்டே இல்லாமல் துணைக்கு சலுகை

கூட வருபவருக்கு டிக்கெட் சலுகை என்பது கிரெடிட் கார்டுக்காரர்களுக்கு மட்டும் உள்ளது அல்ல. நம் ஊர் ரெயில் நிலையத்தில் பல வருஷமாக இருக்கிறது. தெரியாமல் முழு கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம்.

புற்றுநோய் சிகிச்சைக்காக சென்னை அடையாறு போன்ற இடங்களுக்கு போய் வரும் நோயாளிக்கு ரெயிலில் படுக்கை வசதி வகுப்பிலும், மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் இலவசம். துணைக்கு வரும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்குரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

முழுமையாக பார்வையற்றவர், துணை இல்லாமல் பயணிக்க முடியாத மாற்றுத்திறனாளி, மனவளர்ச்சி குன்றியவர் ஆகியோருக்கு படுக்கை வகுப்பில் 75 சதவீதம் தள்ளுபடி. கூட வருபவருக்கும் அதே அளவு உண்டு. மூத்த குடிமக்களுக்கு இருந்த ரெயில் சலுகை மட்டும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

அரசு சாதாரண கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் இலவச பயணம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் உதவியாளர் ஒருவருக்கும் சேர்த்து அது விரிவுபடுத்தப்பட்டது குறிப்பிடத்தக்கது.